புழுங்கல் அரிசி கற்றுத் தரும் உடலியங்கியல்



உங்கள் நான்காம் படிவ உயிரியல் பாடநூலை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். செல்லில் தொடங்கும். பிறகு செல்லுக்குள் பொருள்கள் நுழையும் விதம், நொதிகள், செல் சுவாசம், செரிமானம், இரத்த ஓட்டம், நரம்பு, சிறுநீரகம் என்று வரிசையாகப் போகும். நோய் என்ற சொல் பெரும்பாலும் அந்தந்தப் பாடத்தின் கடைசிப் பக்கங்களில்தான் தலைகாட்டும். தேர்வு நெருங்கும்போது அந்தப் பக்கங்களை அவசரமாகத் தாண்டிவிடுபவர்களும் நம்மில் உண்டு.

மருத்துவ மாணவர்கள் இன்று பல நாடுகளில் இதே பாடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். முதலில் அவர்கள் முன் வருவது ஒரு நோயாளியின் கதை. "இவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? ஏன் கால் வீங்குகிறது?" என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேடிப் போகும் வழியில்தான் இதயம் எப்படி இயங்குகிறது, சிறுநீரகம் எப்படி உப்பைப் பிடித்து வைக்கிறது என்பதையெல்லாம் கற்கிறார்கள். இதைத்தான் அவர்கள் 'கேஸ்' வழியாகப் படிப்பது என்பார்கள்.

இப்படிப் படிப்பதற்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இடைநிலைப்பள்ளியிலேயே தொடங்கலாம். அதற்கு வேண்டிய கதைகளைத் தேடி வெளிநாட்டுக்கும் போக வேண்டாம். நம் பேராக்கின் ஈயச் சுரங்கங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெறத்தக்க கதைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை இங்கே உங்கள் முன் வைக்கிறேன். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் சற்று நிறுத்தி, நீங்களே விடை யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒரே மாநிலம், இரு வகைச் சோறு

காலம் ஏறத்தாழ 1900. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கு அப்போது உலகுக்கு ஈயம் தோண்டித் தந்துகொண்டிருந்தது. சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் அவர்கள். ஆனால், வந்து சில மாதங்களில் அவர்களில் பலருக்கு ஒரே மாதிரியான தொல்லை தொடங்கியது. முதலில் பாதம் மரத்துப்போனது. குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சிலருக்குக் கால்கள் வீங்கின, நெஞ்சு படபடத்தது, மூச்சுத் திணறியது. திடீரென்று இறந்தவர்களும் உண்டு. இந்த நோயின் பெயர் பெரிபெரி.

அதே காலத்தில் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் நிலைமை சுகமாக இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாக ஆட்களைக் கொண்டுபோனது. வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை எல்லாம் இருந்தன. ஆயினும் பெரிபெரி மட்டும் அவர்களிடம் அரிதாகவே காணப்பட்டது.

இப்போது யோசியுங்கள். இரு கூட்டத்தாருக்கும் கடும் உழைப்பு. இரு கூட்டத்தாருக்கும் நெருக்கடியான குடியிருப்பு. இரு கூட்டத்தாருக்கும் சோறுதான் உணவு. ஒருவருக்கு வரும் நோய் மற்றவருக்கு ஏன் வரவில்லை?

அன்றைய மருத்துவர்களும் இதே கேள்வியில்தான் தவித்தார்கள். கிருமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலம் அது. ஆகவே, இதுவும் ஒரு கிருமியின் வேலையாக இருக்கும் என்று பலர் நம்பினர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் கிருமிக் கட்சியைச் சேர்ந்தவர்.

1903ஆம் ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் அக்கழகத்தில் சேர்ந்து, பெரிபெரியையும் குடற்புழுக்களையும் ஆராய்ந்தார். அவர் பெயர் வூ லியென் தே. உயர்ந்த மருத்துவப் பதவிகள் பிரிட்டனிலிருந்து வந்தவர்களுக்கே என்றிருந்த காலம் என்பதால் அவருக்கு அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை. பின்னர் 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கைக் கட்டுப்படுத்தி உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். 1937இல் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் பல ஆண்டுகள் மருந்தகம் நடத்தினார்.

பெரிபெரிக்கு உணவின் பக்கமிருந்து துப்பு கொடுத்தவர் வேறொருவர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன், யார் எந்த அரிசியைச் சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. இந்த வேறுபாட்டை அவர் 1907இல் நூலாகவே எழுதினார்.

துப்பு போதாது, சோதனை வேண்டும்

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். சீனர்களுக்கும் தமிழர்களுக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபட்டது? வேலை வேறு, இடம் வேறு, குடிநீர் வேறு, உடன் உண்ணும் கறி வகைகளும் வேறு. அரிசிதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நோயாளியின் கதை ஒரு சந்தேகத்தை எழுப்பலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சோதனைதான் வேண்டும்.

1905ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், இறப்புகளும் நேர்ந்தன. புழுங்கல் அரிசிப் பிரிவில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை.

அடுத்து, ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் இதை வேறோர் இடத்தில் சோதித்தனர். நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்பூஸ் பகுதியில் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுக்களாக்கினர். வெள்ளை அரிசி உண்ட குழுவில் பெரிபெரி வந்தது. பிறகு அரிசியை மாற்றினர்; நோயும் அரிசியைத் தொடர்ந்து இடம் மாறியது. இப்போது இனம் ஒன்று, வேலை ஒன்று, ஊர் ஒன்று. வேறுபட்டது அரிசி மட்டுமே. தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்பதையும் அவர்கள் காட்டினர்.

இந்த அறிவு எப்படிக் கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைய மருத்துவ அறநெறி அப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது. நம் பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் செய்திகள் சிலவற்றுக்குப் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன. கதையோடு படிப்பவர்களுக்குத்தான் அது தெரிய வரும்.

அண்டை நாட்டின் ஜாவாத் தீவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் இதற்கு முன்பே கோழிகளிடம் இதே புதிரைக் கண்டிருந்தார். தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் காலூன்ற முடியாமல் விழுந்தன. தவிடு கொடுத்ததும் தேறின. இவருக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருள் 1926இல் ஜாவாவில் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் வைட்டமின் பி1, அதாவது தயமின்.

இப்போது பாடநூலைத் திறங்கள்

இனிச் செல் சுவாசம் என்ற பாடத்தைப் பாருங்கள். குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. பைருவேட் மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழைந்து, அசெட்டைல் கோ-ஏ என்ற பொருளாக மாறி, கிரெப்ஸ் சுழற்சியில் சேர்கிறது. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் கிடைக்கிறது. பைருவேட்டிலிருந்து அசெட்டைல் கோ-ஏவுக்குப் போகும் அந்த வாசலைத் திறக்கும் நொதிக்குத் தயமின் துணை தேவை. தயமின் இல்லையென்றால் வாசல் திறக்காது. சோறு வயிறு நிறைய இருக்கும். குளுக்கோஸ் இரத்தம் நிறைய இருக்கும். ஆனால், செல்லுக்குள் ஆற்றல் இருக்காது. திரும்பிப்போகும் பைருவேட் லாக்டிக் அமிலமாகிச் சேரும்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்தச் சுரங்கத் தொழிலாளியின் உடலை மீண்டும் பாருங்கள்.

பாதம் ஏன் முதலில் மரத்தது? நரம்புச் செல்கள் குளுக்கோஸை நம்பி வாழ்பவை. காலுக்குச் செல்லும் நரம்பு இழை இடுப்புக்கு அருகிலுள்ள செல்லிலிருந்து கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் போகிறது. அவ்வளவு தூரத்துக்குப் பொருள்களை அனுப்ப ஆற்றல் வேண்டும். ஆற்றல் குறைந்தால் மிக நீண்ட இழையின் கடைசி முனைதான் முதலில் பட்டுப்போகும்.

கால் ஏன் வீங்கியது? ஆற்றல் குறைந்த தசைகளில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குழாய் விரிந்தால் இரத்த அழுத்தம் இறங்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகவும் அதிகமாகவும் இறைக்கிறது. சிறுநீரகமோ, உடலில் நீர் குறைந்துவிட்டது என்று தவறாக எண்ணி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இதயத் தசைக்கே ஆற்றல் இல்லாதபோது இந்தக் கூடுதல் சுமையை அதனால் தாங்க முடியாது. சிரைகளில் அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. நிற்பவருக்கு அது காலில் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறுகிறது.

நோய் வரச் சில மாதங்கள் ஆனது ஏன்? நம் உடலின் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம் தயமின்தான். நாளொன்றுக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். உணவில் அறவே இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரங்களிலேயே இருப்பு கரையத் தொடங்கும். தீட்டிய அரிசியில் கொஞ்சம் எஞ்சியிருப்பதால் நோய் மெல்ல வந்தது. சோறு அதிகமாகச் சாப்பிடச் சாப்பிட அதை எரிக்கத் தயமின் அதிகம் தேவைப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வலுவான இளைஞன் ஏன் முதலில் விழுந்தான் என்பது விளங்கும்.

புழுங்கல் அரிசி எப்படிக் காத்தது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. வெப்பத்தில் மாவுச்சத்து இறுகி அதை உள்ளேயே பிடித்துவைக்கிறது. பிறகு தீட்டித் தவிட்டை நீக்கினாலும் அதில் ஒரு நல்ல பங்கு தங்கிவிடுகிறது.

செல் சுவாசம், நொதி, நரம்பு, இதயம், இரத்தக் குழாய், சிறுநீரகம் என ஆறு பாடங்கள் ஒரே மனிதனின் காலில் வந்து சேர்ந்துவிட்டன. தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்தால் இவை ஆறு பட்டியல்களாகவே கிடந்திருக்கும். கதையோடு படித்தால் ஒன்று மறந்தாலும் மற்றொன்று அதை இழுத்துக்கொண்டு வரும். இந்த முறையை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான்.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாகவும் சொல்ல வேண்டும். 'நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்' என்று மார்தட்ட இதில் இடமில்லை. தோட்டத் தமிழர்கள் வைட்டமின் கணக்குப் பார்த்துப் புழுங்கல் அரிசி உண்ணவில்லை. பழகிய சோறு அது. பசி தாங்கும் என்று உண்டார்கள். அது ஏன் காத்தது என்று கேட்டுச் சோதித்ததில்தான் அறிவியல் பிறந்தது.

'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய இரத்தம்

இரண்டாவது கதை தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. இதில் வருபவர் எந்த ஒரு தனி மனிதரும் அல்லர். அன்றைய நிலைமையை வைத்து நாம் கற்பனை செய்துகொள்ளும் ஒரு தொழிலாளி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டுகிறார். செருப்பு இல்லை. லயத்துக்குப் பக்கத்தில் கழிப்பறையும் இல்லை. சில மாதங்களாக மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. பால் வாளியைத் தூக்கினால் கண் இருட்டுகிறது. அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறார். கங்காணியின் பார்வையில் அவர் சோம்பேறி.

அவருடைய சிறுகுடலில் கொக்கிப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மண்ணில் கிடக்கும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். 1915ஆம் ஆண்டையொட்டி, ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலாயாவுக்கு வந்து இந்தப் புழுவை ஆராய்ந்து அறிக்கை எழுதும் அளவுக்கு இது இங்கே பெரிய சிக்கலாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவ்வகைப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கிறது. 200 புழுக்கள் இருந்தால் 6 மில்லிலிட்டர். பெரிய அளவாகத் தெரியவில்லை, அல்லவா? ஆனால், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 0.5 மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஆக, நாளுக்கு 3 மில்லிகிராம் இரும்பு போகிறது. உடல் உணவிலிருந்து ஒரு நாளில் எடுத்துக்கொள்வதோ வழக்கமாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். வரவு குறைவு, செலவு அதிகம். சேமிப்பு தீர்ந்ததும் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும்.

அது எதைக் குறிக்கிறது? ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் உயிர்வாயுவைச் சுமக்கும். நலமானவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 14 கிராம் இருந்தால் அது ஏறத்தாழ 19 மில்லிலிட்டர் உயிர்வாயு. நம் தொழிலாளிக்கு 6 கிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இரத்தம் சுமப்பது 8 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைக்கும் இதயம் அவருக்குத் தரக்கூடியது 400 மில்லிலிட்டர். சும்மா இருக்கும்போது உடலுக்குத் தேவை சுமார் 250. ஆகவே, உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துவிடுவார். வாளியோடு மேட்டில் ஏறும்போது தேவை பல மடங்காகும். இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கும்; ஓர் எல்லைக்கு மேல் முடியாது. அவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே புழு ஏழை மக்களை வாட்டியது. 1902இல் அங்குள்ள பத்திரிகைகள் அதற்கு 'சோம்பல் கிருமி' என்றே பெயர் வைத்தன. ஒருவரின் குணக்கேடாகப் பார்க்கப்பட்டது, உண்மையில் அவருடைய இரத்தத்தில் உயிர்வாயு போதாமை. மருந்தோடு செருப்பும் கழிப்பறையும் சேர்ந்தால்தான் அந்தச் 'சோம்பல்' தீரும். உடலியங்கியலைச் சரியாகக் கற்றவர் ஒரு மனிதரை அவ்வளவு எளிதில் பழித்துவிட மாட்டார். இம்முறையை நான் பரிந்துரைக்க இரண்டாவது காரணம் இது. என்னைக் கேட்டால், மதிப்பெண்ணைவிட இதுவே பெரியது.

எதிர்வாதமும் இருக்கிறது

கதை வழியாகக் கற்பிக்கும் முறை நேற்று முளைத்ததன்று. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இலேயே மருத்துவப் படிப்பைச் சிக்கல்களிலிருந்து தொடங்கும் விதத்தில் அமைத்தது. நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி இந்த வழியில் முன்னோடியாக நின்றது. ஈப்போவிலேயே பேராக் அரச மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வார்டுகளில் மருத்துவ மாணவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே நின்று கற்பதை இன்றும் காணலாம்.

ஆனாலும், "அடிப்படை தெரியாமல் கதை மட்டும் கேட்டால் என்ன பயன்?" என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களின் கேள்வி நியாயமானது. பிராடன் என்ன சொன்னார் தெரியுமா? அரிசிதான் காரணம் என்பதைச் சரியாகக் கண்டார். ஆனால், வெள்ளை அரிசி நாள்பட்டுக் கெட்டு, அதில் நஞ்சு உண்டாகிறது என்று விளக்கம் கொடுத்தார். நஞ்சு எதுவும் இல்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போனதுதான் நோய். 'இல்லாமை' ஒரு நோயைத் தரும் என்ற எண்ணமே அன்று புதியது. ரைட் கிருமியைத் தேடினார். பிராடன் நஞ்சைத் தேடினார். இருவரும் நோயாளிகளை நன்றாகவே பார்த்தவர்கள்தான். உயிர்வேதியியல் வளர்ந்த பிறகே கதைக்கு முடிவு கிடைத்தது.

ஆகவே, பாடநூலைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிரெப்ஸ் சுழற்சி தெரியாதவருக்குப் பெரிபெரி வெறும் சோகக் கதை. பெரிபெரி தெரியாதவருக்குக் கிரெப்ஸ் சுழற்சி வெறும் வட்டம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிப்பதே என் வாதம். கேள்வியைக் கதை தரட்டும். விடையைப் பாடநூல் தரட்டும். விடை சரிதானா என்பதைச் சோதனை சொல்லட்டும்.

நாளை முதல் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த உறுப்போ இந்தப் பொருளோ வேலை செய்யாவிட்டால் ஒரு மனிதருக்கு என்ன தொல்லை வரும்? அதை ஈடுகட்ட உடல் என்ன செய்யும்? என் விளக்கம் சரியா என்பதை எதை அளந்தால் கண்டுபிடிக்கலாம்? பாடம் முடிந்ததும் மூன்றுக்கும் விடை எழுதிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ, அங்கேதான் உங்களுக்குப் பாடம் புரியவில்லை என்று பொருள்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் உயிரியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறீர்கள். ஆனால், உடம்பைப் பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் தமிழில் நடக்கிறது. 'கால் மரத்துப் போச்சு', 'மேல்மூச்சு வாங்குது', 'தலை கிறுகிறுன்னு வருது' என்ற சொற்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. நம்மவர்கள் நீரிழிவை 'இனிப்பு நீர்' என்பார்கள். அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ஏன் இனிப்பு? இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டும்போது, வடிகட்டிய குளுக்கோஸ் முழுவதையும் சிறுநீரகக் குழல்களால் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிஞ்சிய குளுக்கோஸ் தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர். அதனால் தீராத தாகம். சவ்வூடுபரவல் என்று முன்பே படித்த பாடம் இங்கே மீண்டும் வேலை செய்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். உங்களில் பலர் வீட்டிலேயே இந்தப் பாடம் மாத்திரை டப்பாவோடு மேசைமேல் இருக்கிறது.

இரண்டு எல்லைகளை மட்டும் மீற வேண்டாம். முதலாவது, படித்ததை வைத்து வீட்டில் யாருக்கும் நோயைத் தீர்மானிக்கவோ மருந்தை மாற்றவோ நிறுத்தவோ கூடாது. அது மருத்துவரின் வேலை. சந்தேகம் வந்தால் கிளினிக்குக்கு உடன் அழைத்துப் போங்கள். இரண்டாவது, ஒருவர் தம் உடல்நிலையை உங்களிடம் சொன்னால் அது அவருடைய சொத்து. வகுப்பில் பேசும்போது பெயரையும் அடையாளத்தையும் சொல்லாதீர்கள். மருத்துவ மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் ஒழுக்கங்களில் ஒன்று இது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்துக்கு ஒரு கதை போதும்; பத்து நிமிடம் போதும். அதையும் முடிந்தவரை நம் மண்ணிலிருந்து எடுங்கள்.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதிகளாகவோ மாறிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. அங்கே வாழ்ந்தவர்கள் உங்கள் தாத்தா பாட்டிகளாக நகரத்து அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். 'அறிவியல் பிரிவு நமக்குச் சரிப்படாது' என்று சொல்லி ஒதுங்கும் மாணவர்கள் நம்மிடையே இருப்பதைப் பார்க்கிறேன். பாடநூலின் சொற்கள் அந்நியமாகத் தெரிவதால் பாடமே அந்நியம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பாடத்தின் சில பக்கங்கள் உங்கள் குடும்பத்தார் உண்ட சோற்றிலிருந்தும் அவர்கள் நடந்த மண்ணிலிருந்தும் எழுதப்பட்டவை. இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தோட்டத்தில் இருந்த காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன நோய்க்குப் பயந்தீர்கள்? அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை பாடநூலைத் திறந்து 'ஏன்' என்று தேடத் தொடங்குங்கள்.